ஐந்து கடிகாரம், ஒரே சோற்றுப்பானை

நம் நாட்டில் தமிழர் இருவர் காலையில் சந்தித்துக்கொண்டால், வணக்கத்துக்கு முன்பே வந்து நிற்கும் கேள்வி ஒன்று உண்டு. "பசியாறியாச்சா?" தமிழ்நாட்டிலிருந்து வரும் உறவினர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். அங்கே காலையில் டிபன் சாப்பிடுகிறார்கள். இங்கே நாம் பசியாறுகிறோம். அகராதியில் என்ன காரணம் போட்டிருக்கிறதோ, எனக்கு ஒன்று தோன்றுகிறது. விடிவதற்கு முன்பே எழுந்து, வெறும் வரக்கோப்பியோடு காட்டுக்குள் போய், இருநூறு முந்நூறு மரம் சீவிய பிறகு வாயில் வைக்கும் முதல் கவளத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. அது உணவு மட்டுமில்லை, பசி ஆறும் நேரம்.

கோல சிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், ஜெராம், புக்கிட் ரோத்தான் என்று வட சிலாங்கூரில் எந்தப் பக்கம் போனாலும் நம்மவர்களின் குடும்பக் கதை ஏதாவது ஒரு தோட்டத்தில்தான் தொடங்கும். எங்கள் கதையும் அப்படித்தான். இப்போது நாங்கள் புக்கிட் ரோத்தானுக்குப் பக்கத்தில் ஒரு தாமானில் குடியிருக்கிறோம். வீட்டில் ஐந்து பேர். பாட்டி பால்மரம் வெட்டியவர். அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். அம்மா ஈஜோக் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை செய்கிறார். தம்பி ஐந்தாம் படிவம். நான் கிள்ளானில் படிக்கிறேன். காப்பார், ஜெராம் வழியாகப் பஸ் பிடித்து வீடு வந்து சேர இரவு 8 மணி ஆகிவிடும்.

'குடும்பம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும்' என்ற அறிவுரையை நம் பள்ளி ஆசிரியர்கள் முதல் ஆலயச் சொற்பொழிவாளர்கள் வரை எல்லாரும் சொல்கிறார்கள். சொல்வது எளிது. அந்த ஐந்து பேரும் ஒரே நேரத்தில் வீட்டில் இருக்க வேண்டுமே! என் வகுப்புத் தோழர்களிடம் விசாரித்தேன். கடைசியாக வீட்டில் எல்லாரும் ஒன்றாகச் சாப்பிட்டது எப்போது என்று கேட்டால், பாதிப் பேர் தீபாவளி என்கிறார்கள். ஒருவன், "யாராவது செத்தாதான் லா," என்றான். சிரித்தோம், ஆனால் அவன் விளையாட்டாகச் சொன்னதாகத் தெரியவில்லை.

மரம் வைத்த கடிகாரம்

அந்தக் காலத்துத் தோட்டக் குடும்பங்கள் எப்படி ஒன்றாகச் சாப்பிட்டன? பாசம் அதிகம் என்பதால் மட்டுமல்ல. முக்கியமான காரணம் கடிகாரம். அந்தக் கடிகாரத்தை வைத்தது மரம்.

உயிரியல் பாடம் எடுத்த மாணவர்களுக்கு இது சட்டென்று புரியும். ரப்பர் மரத்தின் பட்டைக்குள் பால் குழாய்கள் இருக்கின்றன. வெயில் ஏறினால் இலைகள் வழியாக நீர் ஆவியாகும். குழாய்களுக்குள் இருக்கும் அழுத்தம் குறையும். பால் வடிவது மெலிந்துவிடும். எனவே வெயிலுக்கு முன்பே பட்டையைச் சீவியாக வேண்டும். இருட்டிலேயே பிரட்டு, அதாவது பெயர் கூப்பிடும் கூட்டம். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் நுழைவார்கள். சில மணி நேரம் மங்கில் பால் வடிந்ததும் வாளியில் சேர்த்து, காண்டாவில் தூக்கிப்போய் ஸ்டோரில் நிறுக்க வேண்டும். மதியத்துக்கு மேல் வீடு. இரவு எட்டு, எட்டரைக்கெல்லாம் லயத்தில் விளக்கு அணைந்துவிடும்.

ஒரு வீட்டுக்கு மட்டுமல்ல, தோட்டம் முழுமைக்கும் இதே நேரம்தான். எல்லாரும் ஒரே மணிக்கு எழுந்தார்கள், ஒரே மணிக்குத் திரும்பினார்கள், ஒரே நாளில் சம்பளம் வாங்கினார்கள். சாயங்காலம் ஆறரைக்கு லயத்து வரிசையில் நடந்தால் எந்த வீட்டில் கருவாடு, எந்த வீட்டில் சாடின் என்று மோப்பத்திலேயே சொல்லிவிடலாம் என்பார் பாட்டி. சேர்ந்து சாப்பிட யாரும் திட்டம் போடவில்லை, போடத் தேவையும் இருக்கவில்லை.

இதைப் பாட்டியிடம் சொல்லி, "அப்போ நீங்க எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிட்டீங்க, நல்ல காலம் பாட்டி," என்றேன். இந்தக் கட்டுரைக்கு ஒரு நல்ல வரி கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பும் எனக்கு இருந்தது. பாட்டி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"யாரு ஒண்ணா உக்காந்தது? ஒங்க தாத்தா மொதல்ல உக்காருவாரு. அவரு எந்திரிச்சாதான் புள்ளைங்களுக்குப் போடுவேன். புள்ளைங்க தின்னு முடிச்சு, சட்டியில ஒட்டுனத சொரண்டி அடுப்படியில குந்தி நான் திம்பேன். குழம்பு இருந்தா உண்டு. இல்லாட்டி ஊறுகா."

ஒரே நேரத்தில், ஒரே கூரையின் கீழ் சாப்பிட்டார்கள் என்பது உண்மை. சேர்ந்து சாப்பிட்டார்கள் என்பது முழு உண்மையில்லை. பழைய தோட்ட வாழ்க்கையை ஒரு பொற்காலமாக வருணிக்கும் கட்டுரைகளை நாம் நிறையப் படித்துவிட்டோம். அவற்றை எழுதியவர்கள் யாரும் அடுப்படியில் குந்திக் கடைசியாகச் சாப்பிட்டவர்களாக எனக்குத் தோன்றவில்லை.

அந்தச் சோறும் எப்போதும் கிடைத்த சோறு இல்லை. 1942 முதல் 1945 வரை ஜப்பான்காரன் காலத்தில் அரிசி இறக்குமதி நின்றுபோய், மலாயா முழுவதும் மரவள்ளிக்கிழங்கை நம்பி உயிர் வாழ்ந்தது. பாட்டியின் அம்மா கடைசி வரை மரவள்ளியைத் தொட மாட்டாராம். விரதம் என்றுதான் பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருந்தார்களாம்.

அதற்குப் பிறகு அவசரகாலம், 1948 முதல் 1960 வரை. வரலாற்றுப் பாடத்தில் பிரிக்ஸ் திட்டம், புதுக்கிராமங்கள் என்று படித்திருப்பீர்கள். அந்தத் திட்டத்தின் இன்னொரு பாதி, உணவுக் கட்டுப்பாடு. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்ச் சேரக்கூடாது என்று 1951 முதல் கடும் விதிகள் வந்தன. டின் உணவு விற்கும் கடைக்காரர் டின்னில் ஓட்டை போட்டுத்தான் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அதைப் பதுக்கி வைத்துக் காட்டுக்கு அனுப்பிவிடலாம். கட்டுப்பாட்டு வட்டாரங்களில் பால்மரம் வெட்டப் போகிறவர்கள் மதியச் சோற்றைக் கையோடு கொண்டுபோகக்கூடாது. பின்னர் சில இடங்களில் அரிசியாகவே கொடுக்காமல், பொதுச் சமையல் கூடத்தில் ஆக்கிய சோறாகக் கொடுத்தார்கள். காரணம் எளிது: அரிசியைப் பல நாள் ஒளித்து வைக்கலாம். சோறு நம் ஊர் வெயிலில் மறுநாளே புளித்துவிடும்.

ஒரு குடும்பம் எதை, எங்கே, எப்போது சாப்பிடலாம் என்பதை அரசாங்கமே முடிவு செய்த காலம் அது. எஸ்.பி.எம். வரலாற்றுத் தாளுக்குத் தயாராகும் தம்பி இதைப் படித்துவிட்டு, "புத்தகத்துல இதையெல்லாம் போட்டிருந்தா நான் நாலு மார்க்கு கூட வாங்கியிருப்பேன்," என்றான்.

நொதியும் லோரியும்

பெஸ்தாரி ஜெயாவை இன்னும் பழைய பெயரில் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் பெரியவர்கள் சொல்கிறார்கள். அங்கே தென்னமரம் என்று ஒரு தோட்டம் உண்டு. பெயரைக் கேட்டாலே வைத்தவர்கள் யாராக இருக்கும் என்று ஊகிக்கலாம். இந்நாட்டில் வணிக நோக்கில் செம்பனை முதன்முதலாக நடப்பட்டது இங்கேதான், 1917-இல். நட்டவர் ஆன்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். தோட்ட வாழ்க்கையை வைத்து அவர் எழுதிய நாவலுக்கு 1930-இல் பிரான்சின் கொன்கூர் பரிசு கிடைத்தது. தென்னையின் பெயர் கொண்ட தோட்டத்தில் பனை வந்தது. பிறகு ரப்பர் இருந்த இடங்களிலும் பனை வந்தது. எங்கள் பாட்டி வெட்டிய நிரைகள் இருந்த இடமும் இன்று செம்பனைதான்.

மரம் மாறியபோது கடிகாரமும் மாறியது. செம்பனைப் பழத்தில் லிப்பேஸ் என்ற நொதி இருக்கிறது. குலையை வெட்டிக் கீழே போட்டதும், பழம் அடிபட்ட இடத்தில் அது வேலையைத் தொடங்கி, எண்ணெயைக் கொழுப்பு அமிலமாக உடைக்கிறது. அமிலம் கூடினால் எண்ணெயின் தரம் போய்விடும். எனவே வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடப் பார்ப்பார்கள். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை விளைச்சல் உச்சத்தில் இருக்கும்போது ஆலை வாசலில் லோரிகள் வரிசை கட்டி நிற்கும். அப்பா வீட்டுக்கு வர இரவு 10 மணியாகும். ஆண்டுத் தொடக்கத்தில் விளைச்சல் குறையும், நடை குறையும், அப்பா சீக்கிரமே வந்துவிடுவார், சம்பளமும் சீக்கிரமே தீர்ந்துவிடும். அவருக்குக் கூலி நடைக் கணக்கில்தான்.

ஆக, எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாட்டு நேரத்தை இன்றும் ஒரு மரம்தான் முடிவு செய்கிறது. வித்தியாசம் என்னவென்றால், அது அப்பாவுக்கு மட்டும். அம்மாவின் நேரத்தை முடிவு செய்வது ஷிஃப்ட் அட்டவணை: இரண்டு வாரம் காலை 7 முதல் இரவு 7 வரை, அடுத்த இரண்டு வாரம் இரவு 7 முதல் காலை 7 வரை. தம்பிக்குப் பள்ளி, டியூஷன். எனக்குக் கிள்ளான் பஸ். பாட்டிக்கு மாத்திரை. இனிப்பு நீர் மாத்திரை போட்டால் அரை மணி நேரத்தில் சாப்பிட்டாக வேண்டும். அவர் யாருக்காகவும் காத்திருக்க முடியாது.

ஐந்து பேர், ஐந்து கடிகாரம். போன ஆண்டு முழுவதும் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை, துவைத்த துணிகளை மடித்து வைக்கும் இடமாக இருந்தது. அம்மா ஆக்கி வைத்துவிட்டுப் போவார். வருகிறவர் மூடியைத் திறந்து, போட்டு, தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கைப்பேசியைப் பார்த்தபடி சாப்பிட்டுவிட்டுப் போவார். யாருக்கும் யார்மேலும் கோபம் இல்லை. வீடு நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

இந்த ஆண்டு மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை. அம்மாவுக்கு விடுமுறை. பாசிர் பெனாம்பாங்கில் வாங்கிய நெத்திலி அரை கிலோ வீட்டில் இருந்தது. சம்பல் செய்யலாம் என்று அம்மா சொல்லிவிட்டு, தலை கிள்ளும் வேலையை எனக்கும் தம்பிக்கும் கொடுத்தார். செய்தவர்களுக்குத் தெரியும், நெத்திலியின் தலையைக் கிள்ளி, வயிற்றைப் பிளந்து கறுப்பை எடுக்கும் வேலை முடியவே முடியாது. கையில் நாற்றம் என்பதால் கைப்பேசியையும் தொட முடியாது. பழைய நாளிதழைத் தரையில் விரித்து எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். ஒரு கால் மணி நேரம் சும்மா கிள்ளினோம். பிறகு தம்பி தலையை நிமிர்த்தாமலேயே சொன்னான்.

"அக்கா, நான் மூணு வாரமா டியூஷன் போகல."

"ஏன்?"

"கார் கழுவுற கடையில நிக்கிறேன். ஒரு நாளைக்கு 30 வெள்ளி. அப்பா போன்ல பேசுனத கேட்டேன். லோரி கட்டு ரெண்டு மாசம் பாக்கியாம். டியூஷன் காசு மாசம் 120. அத வேற அவரு எங்கேருந்து கொண்டு வருவாரு?" கொஞ்ச நேரம் கழித்து, "எஸ்.பி.எம். முடிச்சி என்ன ஆகப்போகுது? அங்கேயே முழு நேரம் வரச் சொல்றாங்க," என்றான்.

மூன்று வாரம். வாரத்துக்கு மூன்று நாள், மாலை 6 முதல் 9 வரை அவன் எங்கே இருக்கிறான் என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. தெரிந்திருக்க வழியும் இல்லை. அந்த நேரத்தில் வீட்டில் பாட்டி மட்டும்தான். அவன் புத்தகப் பையோடு போய், புத்தகப் பையோடு வந்துகொண்டிருந்தான். பிள்ளை கெட்டுப்போய்விட்டான் என்பதுமில்லை. வீட்டின் கஷ்டத்தைத் தன் பங்குக்குத் தீர்க்க, யாரையும் கேட்காமல், பதினேழு வயதில் ஒரு முடிவு எடுத்திருந்தான். அவ்வளவுதான். கேட்பதற்கு ஆள் யார் இருந்தார்கள்?

வரலாறும் மலாய் மொழியும் தேர்ச்சி பெறாவிட்டால் எஸ்.பி.எம். சான்றிதழே கிடைக்காது என்பது உங்களுக்குத் தெரியும். அவன் டியூஷன் போனது அந்த வரலாற்றுக்கும் இன்னும் இரண்டு பாடங்களுக்கும்தான்.

அன்று இரவு அப்பாவும் இருந்தார்; விளைச்சல் இல்லாத மாதம். மேசையிலிருந்த துணி கட்டிலுக்குப் போனது. நெத்திலிச் சம்பல், முருங்கைக்கீரை, ரசம். தம்பியே சொல்லட்டும் என்று நான் காத்திருந்தேன். இரண்டாவது முறை சோறு போட்டுக்கொள்ளும்போது சொன்னான். அப்பா சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தோம். அவர் கையைக் கழுவிவிட்டு வந்து, லோரி பாக்கி எவ்வளவு, வீட்டுக்கு எவ்வளவு கட்டுகிறோம், அம்மாவின் சம்பளம் எவ்வளவு, பாட்டியின் மாத்திரை போக மீதி என்ன என்று என் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் காட்டினார். இருபத்திரண்டு வயதாகும் எனக்கு எங்கள் வீட்டின் வரவுசெலவு அன்றுதான் தெரியும். "டியூஷன் 120 இதுல இருக்கு பாரு. இது நான் எப்பவோ எழுதி வச்ச கணக்கு. லோரி பாக்கி அடுத்த சீசன்ல அடையும். ஒனக்கு அடுத்த சீசன்னு ஒண்ணு கெடையாது," என்றார். தம்பி ஒன்றும் பேசவில்லை. சோற்றை மட்டும் முழுவதும் சாப்பிட்டு முடித்தான்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கு ஆசைதான். அவன் கார் கழுவும் கடையை விட்டது மே மாதத்தில். சனிக்கிழமைகளில் மட்டும் போவது ஜூலை வரை தொடர்ந்தது. படிப்பதற்கு மேல் வேறு ஏதாவது செய்ய வேண்டும் என்ற தவிப்பு அவனுக்கு இன்னும் இருக்கிறது.

அதற்குப் பிறகுதான் குளிர்பெட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டினோம். அம்மாவின் ஷிஃப்ட், அப்பாவின் சீசன், என் வகுப்பு, தம்பியின் டியூஷன் எல்லாவற்றையும் எழுதிப் பார்த்தால், ஐந்து பேரும் வீட்டில் விழித்திருக்கும் நேரம் வாரத்தில் மூன்றுதான் தேறியது. அம்மாவுக்குக் காலை ஷிஃப்ட் இருக்கும் வாரங்களில் செவ்வாய் இரவு எட்டரை, ஞாயிறு மதியம், ஞாயிறு இரவு. இரவு ஷிஃப்ட் வாரங்களில் இன்னும் விசித்திரம்: ஒன்று, மாலை 5 மணி. தொழிற்சாலை பஸ் ஆறே காலுக்கு வருவதற்கு முன். அது மதியச் சாப்பாடா இரவுச் சாப்பாடா என்று பெயர் வைக்க முடியவில்லை. பாட்டி அதற்கு 'அஞ்சு மணிச் சோறு' என்று பெயர் வைத்துவிட்டார். நான் வகுப்பு இல்லாத நாளில்தான் அது நடக்கும். அப்பா அந்த வழியாக லோரியில் போனால் இருபது நிமிடம் நிறுத்திவிட்டு வருவார்.

மூன்று வேளை குறைவு என்று தோன்றலாம். பூஜ்ஜியத்தோடு ஒப்பிட்டால் அது பெரிய எண்.

அடுத்த சிக்கல், யார் சமைப்பது? பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வருகிற அம்மாவிடம், 'குடும்ப ஒற்றுமைக்காக' இன்னும் இரண்டு கறி கூட்டுங்கள் என்று சொல்வது ஒற்றுமை இல்லை, அது வேலை ஏவுவது. இந்த விஷயத்தில் பல கட்டுரைகள் வழுக்கிப் போய்விடுவதை நான் கவனித்திருக்கிறேன். எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவதைப் பாராட்டுவார்கள். வெங்காயம் உரித்தது யார் என்று கேட்க மாட்டார்கள். எங்கள் வீட்டில் இப்போது பிரித்துக்கொண்டோம். அப்பாவுக்குத் தெரிந்தது சாடின் சம்பலும் முட்டைக் குழம்பும். லோரிக்காரர்களிடம் கற்றது, காரம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். மீன் குழம்பு நான்: கெம்போங் மீன், புளி, கொஞ்சம் வெந்தயம். தம்பி ரசத்தில் தேறிவிட்டான். பாட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்து வேலை வாங்குவார். பழைய செம்பனையை விழுத்தி மறுநடவு செய்கிற சமயத்தில் அப்பா எப்போதாவது பனங்குருத்துக் கொண்டுவருவார். அதைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்து எடுப்பது பாட்டியால் மட்டும்தான் முடியும். கடையில் காசு கொடுத்தாலும் அந்தச் சுவை கிடைக்காது. ஒரு மரம் சாகும்போது மட்டும் கிடைக்கிற கறி அது.

அம்மா ஞாயிறு மதியம் மட்டும் சமைக்கிறார், அதுவும் அவருக்கு மனம் இருந்தால். முதல் ஒன்றிரண்டு வாரம் அவர் மேசையில் உட்காரவே இல்லை. எல்லாருக்கும் போட்டுவிட்டுப் பிறகு சாப்பிடுகிறேன் என்று சுற்றிக்கொண்டிருந்தார். கடைசியில் பாட்டிதான் அதட்டினார். "ஒக்காரு. நான் குந்துன மாதிரி நீயும் குந்தணுமா?" சட்டி இப்போது மேசைக்கே வந்துவிடுகிறது. அவரவர் போட்டுக்கொள்கிறோம். எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையில் பெண்கள் ஆண்களோடு ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. பழைய பழக்கத்தை மீட்டெடுத்தோம் என்று யாராவது பாராட்டினால் பாட்டி ஒத்துக்கொள்ள மாட்டார்.

இதில் படிப்புக்கு என்ன பயன் என்று கேட்கும் மாணவர்களுக்கு ஒரு செய்தி. அமெரிக்காவின் பாஸ்டன் வட்டாரத்தில் வருமானம் குறைந்த குடும்பங்களின் சாப்பாட்டு நேரப் பேச்சை, ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தின் கேத்தரின் ஸ்னோவும் அவரோடு இருந்த ஆய்வாளர்களும் பல ஆண்டுகள் பதிவு செய்தார்கள். மூன்று வயதுக் குழந்தைகளில் தொடங்கிய ஆய்வு அது. மேசையில் பெரியவர்கள் கதை சொல்லி, காரணம் விளக்கிப் பேசும் வீடுகளில், குழந்தைகள் அன்றாடம் புழங்காத அரிய சொற்களை நிறையக் கேட்டார்கள். பின்னாளில் அவர்களின் சொல்வளம் அதற்கேற்பக் கூடியிருந்தது. 'சாப்பிடு, சிந்தாதே, சீக்கிரம் எழுந்திரு' என்பதோடு பேச்சு முடிகிற வீடுகளுக்கு அந்தப் பலன் இல்லை.

நம் வீடுகளில் இது இன்னும் ஒரு படி கூடுதல் என்பது என் கருத்து. தோட்டத்துத் தமிழ் எங்கே இருக்கிறது? நிரை, மங்கு, பிரட்டு, காண்டா, ஒட்டுப்பால், வெளிக்காட்டு வேலை என்ற சொற்கள் பாடநூலில் அதிகம் வருவதில்லை. தோட்டங்களும் ஒவ்வொன்றாக மறைகின்றன. எங்கள் வீட்டில் அவை ரசத்துக்கும் மோருக்கும் நடுவில் வருகின்றன. 'ஆயா கொட்டகை' என்றால் என்ன என்று தம்பி கேட்டதற்குப் பாட்டி முக்கால் மணி நேரம் பேசினார்: தாய்மார்கள் இருட்டில் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் கொட்டகை, அங்கே வரிசையாகத் தொங்கும் ஏணைகள், வேலை முடிந்து ஓடி வந்து அவரவர் பிள்ளையின் ஏணையைத் தேடும் அம்மாக்கள். அம்மாவும் அந்த ஏணைகளில் ஒன்றில் வளர்ந்தவர்தான். அவருக்கே அன்றுதான் அது தெரிந்தது.

இன்னொரு ஆய்வையும் சொல்லிவிட வேண்டும். சேர்ந்து சாப்பிடும் குடும்பத்துப் பிள்ளைகள் மனச்சோர்விலும் தீய பழக்கங்களிலும் குறைவாகவே சிக்குகிறார்கள் என்று பல ஆய்வுகள் வந்தன. 2012-இல் கெல்லி மியூசிக், ஆன் மேயர் என்ற இரு சமூகவியலாளர்கள் அதைத் திரும்பச் சோதித்தார்கள். குடும்பத்தின் வசதி, உறவின் தரம் ஆகியவற்றைக் கணக்கில் எடுத்ததும், சாப்பாட்டின் பலன் வெகுவாகக் குறைந்தது. அதாவது, மேசையில் உட்கார்ந்ததால் மட்டும் எதுவும் நடந்துவிடாது. உட்கார்ந்து ஒருவரையொருவர் திட்டிக்கொள்ளும் குடும்பமும் உண்டு. போன ஞாயிறு நாங்களே அப்படித்தான். மூன்று பாடத்துக்கான சோதனைத் தேர்வு மதிப்பெண் வந்த நாள் அது.

உடல்நலக் கணக்கும் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், இந்நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருப்பது தெரிய வந்தது. இன வாரியாகப் பார்த்தால் இந்தியர்கள்தான் முதலிடம். பாட்டிக்குத் தனிச் சமையல், எங்களுக்கு வெளிச் சாப்பாடு என்று இருந்தது போய், ஒரே சமையல் ஆனபோது எங்கள் எல்லாருடைய தட்டிலும் சோறு குறைந்து கீரை கூடிவிட்டது. வெளியே ஐந்து பேருக்கு வாங்கினால் 45 ரிங்கிட்டுக்குக் குறையாது; வீட்டில் அதில் பாதிகூட ஆகாது. தம்பி இந்தக் கணக்கை நோட்டில் எழுதி வைத்திருக்கிறான். வாரத்தில் மூன்று வேளை மிச்சமாகும் பணத்தை அவன் தன் டியூஷன் கட்டணத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, "நான் கார் கழுவவே வேண்டியதில்ல போல," என்றான்.

எஸ்.பி.எம். எழுத்துத் தேர்வு நடக்கும் வாரங்களுக்கான அம்மாவின் ஷிஃப்ட் அட்டவணை நேற்று வந்தது. முதல் இரண்டு வாரமும் இரவு ஷிஃப்ட். காலை ஏழரைக்கு அம்மா பஸ்ஸில் வந்து இறங்கும்போது தம்பி தேர்வு மண்டபத்துக்குக் கிளம்பியிருப்பான். அப்பா ஆறரைக்கே போய்விடுவார். குளிர்பெட்டித் தாளில் கட்டம் கட்டமாக அடித்துப் பார்த்ததில், அந்த வாரங்களில் 'அஞ்சு மணிச் சோறு' மட்டும்தான் மிஞ்சுகிறது. வரலாற்றுத் தாள் நாளன்று நான் வகுப்புக்குப் போகவில்லை. என்ன வேண்டும் என்று தம்பியிடம் கேட்டோம். நெத்திலிச் சம்பல் என்றிருக்கிறான். தலை கிள்ளுவதற்கு அன்று அவன் வர மாட்டானாம். அப்பா கிள்ளித் தருவதாகச் சொல்லியிருக்கிறார், முதல் நாள் இரவே.